நூறு கோடியில் ஒரு தவறு

மும்பையில் எங்கள் மாட்டுங்கா தமிழ்ச் சங்கத்தில் யார் பேச வந்தாலும் மேடைக்கு எதிரே ஒரு சின்ன மேஜை போடுவார்கள். அதன் மேல் ஒரு மணி. நேரம் முடிந்ததும் ஒருவர் அதை அடிக்க வேண்டும்.

சென்ற மாதம் அந்த ஒருவர் நான்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் உண்டு. மாட்டுங்காவில் ஹால் கிடைப்பது லேசில்லை. எங்கள் கூட்டம் முடிந்த கையோடு அடுத்த பார்ட்டி வந்து நிற்கும். முன்பு ஓர் அறிஞர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். டெக்கரேஷன்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைய போட்டோவில் அவர் தலைக்குப் பின்னால் பிறந்தநாள் பலூன்கள்தான் இருக்கின்றன. மறுவாரமே மணி வாங்கினோம்.

நேர விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அதுதான் வினை.

அன்று பேச வந்தவர் மாட்டுங்காவில் வளர்ந்து அமெரிக்கா போனவர். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை எப்படி அமைப்பது — இந்த ஒரு கேள்வியிலேயே ஆயுளைக் கழித்தவர். அந்தத் துறையில் முன்னோடி என்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்பது உங்களுக்கே புரியும்.

எனக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். புரிந்துவிட்டது!

பிராசஸர் வேகமானது. ஆனால் அதற்கு வேண்டிய தகவல் தூரத்தில் இருக்கிறது. எனவே பாதி நேரம் அது சும்மா காத்திருக்கிறது. என்ன செய்யலாம்? அடிக்கடி வேண்டியதை ஒரு பிரதி எடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனை. ஆனால் ஒரே சிப்பில் பல பிராசஸர்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிடமும் ஒரு பிரதி. ஒன்று தன் பிரதியைத் திருத்தினால் மற்றவை பழசையே வைத்துக்கொண்டு கணக்குப் போடும். திருத்தியதை மற்றவற்றுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

"என் உத்தியோகமே இந்தத் தெரிவிக்கிற வேலைதான்" என்றார்.

செம்பூரில் நான் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டிக்கு இரண்டு விங். இரண்டு நோட்டீஸ் போர்டு. தண்ணீர் வரும் நேரம் மாறினால் ஏ விங் போர்டில் மட்டும் திருத்துவார்கள். பி விங்கில் நாங்கள் முகத்தில் சோப்போடு நிற்போம். இதைச் சரிசெய்யவா ஒரு மனுஷன் ஆயுள் முழுக்கச் செலவழித்தார்? எங்கள் சொசைட்டி செக்ரட்டரியிடம் அவரை அனுப்பிவைக்கலாம் என்று தோன்றியது.

தன் வாழ்க்கையைப் பற்றியும் சொன்னார். விற்ற மெஷின்களைவிட விற்காமல் போனவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவர் வேலை பார்த்த ஒரு கம்பெனி மூடிப்போனது. இன்னொன்றில் அவர் வடிவமைத்ததைவிட மட்டமான ஒன்று, மலிவு என்பதால் சந்தையைப் பிடித்தது. "நல்ல டிசைன் ஜெயிக்கும்னு எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கலை" என்றார். கோபமில்லை, வருத்தமில்லை. மழை வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு கேள்வி நேரம். ஒருவர் தன் பேரன் எந்த கோர்ஸில் சேரலாம் என்று கேட்டார். ஏஐ வந்து எல்லார் வேலையையும் தின்றுவிடுமா என்று இன்னொருவர். இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லி முடித்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்வோம். தாராவிப் பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சயானில் ரயில் ஏறி, தாணேயில் மாறி, ஐரோலியில் ஒரு சிப் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். மற்றவர்கள் வடிவமைத்த சிப்பில் தவறு இருக்கிறதா என்று தேடுவது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் அது தொழிற்சாலைக்குப் போகும். போய்விட்டால் பிறகு திருத்த முடியாது.

அவள் ஒரு தவறைக் கண்டுபிடித்திருந்தாள். நமது பேச்சாளர் சொன்ன அதே ரகம் — சேதி தாமதமாகப் போய், ஒரு பிராசஸர் பழைய பிரதியைப் படித்துவிடுகிறது. மேனேஜர், அதெல்லாம் நடைமுறையில் வராது, திங்கட்கிழமை கையெழுத்துப் போடு என்றிருக்கிறார். அன்று ஞாயிறு. இவ்வளவும் அவள் பிறகு என்னிடம் சொன்னது. சபையில் கம்பெனி ரகசியத்தைச் சொல்ல முடியுமா?

"சார், ஒரு பேச்சுக்குக் கேக்கேன்" என்று ஆரம்பித்தாள். "ஒரு சிப்ல ஒரு தப்பு. ரொம்ப அபூர்வமாத்தான் வரும். விட்டுரலாமா?"

"அபூர்வம்னா?"

"நூறு கோடி தடவைக்கு ஒண்ணு சார்."

அவர் சிரித்தார். "இந்தக் காலத்து சிப் ஒரு செகண்டுலயே நூறு கோடி காரியத்துக்கு மேல பண்றது. அப்போ கணக்கு என்ன ஆச்சு?"

சபையே சிரித்தது. நானும்தான். ஆனால் அவள் உட்காரவில்லை.

"கணக்கு எனக்குத் தெரியும் சார். கையெழுத்துப் போடணுமா வேண்டாமான்னுதான் கேக்கேன்."

சிரிப்பு நின்றது. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்… என் கண் கடிகாரத்தில் இருந்தது. கை மணியில் இருந்தது.

அடித்துவிட்டேன்.

சங்கத்துச் செக்ரட்டரி சேகர் உடனே சால்வையோடு மேடையேறிவிட்டார். நன்றியுரை, க்ரூப் போட்டோ. வாசலில் நிச்சயதார்த்தப் பார்ட்டி பூக்கூடையோடு நின்றது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மாடிப்படி ஓரம் காபி கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று பேச்சாளரிடம் போனேன். அவரோ பேப்பர் கப்போடு செல்வியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ, நல்லவேளை அடிச்சேள்" என்றார் என்னிடம். "இதை மைக்கில் சொல்ல முடியாது."

பிறகு அவளிடம் திரும்பினார். இதே மாதிரி ஒரு மெஷின், இதே மாதிரி ஒரு தவறு அவருக்கும் வாய்த்திருக்கிறது. அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆபீஸில் பக்கத்து அறைக்காரர் போட்டார். மெஷின் அமோகமாக விற்றது. புகார் என்று ஒன்றுகூட அவர் காதுக்கு வரவில்லை. பக்கத்து அறைக்காரர் மேலே மேலே போனார். இவரை, மெஷினோடு கொடுக்கிற கைடு புத்தகம் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள்.

"அப்ப, போட்டிருக்கலாம்னு சொல்லுதீங்களா சார்?"

"தெரியாதும்மா. புகார் வரலைங்கறதுனால தப்பு வரலைன்னு ஆயிடாது. எங்கேயோ ஒரு கணக்கு மாறியிருக்கும். மெஷின் தப்புப் பண்ணும்னு யார் நினைப்பா? யாரோ ஒரு கிளார்க், தான்தான் தப்பாப் போட்டோம்னு தன்னையே திட்டிண்டு உட்கார்ந்திருப்பான்."

நான் காபிக் கப்பைக் கீழே வைத்தேன். ஆயுள் முழுக்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்து எழுந்தவன் நான். கடைசிப் பத்து வருஷம் கம்ப்யூட்டரோடு. டாலி ஆகாத நாள்களில் யாரைத் திட்டினேன்? என்னைத்தான். ஒருநாளாவது மெஷினைச் சந்தேகப்பட்டதுண்டா?

"மாட்டேன்னு மட்டும் சொல்லிட்டு நிக்காதீங்கோ" என்றார் அவர். "எதெது எந்த வரிசையில் நடந்தா அந்தத் தப்பு வரதுன்னு அவா கண்ணெதிரே காட்டுங்கோ."

"ரெண்டு வாட்டி காட்டியாச்சு சார்."

"மூணாவது வாட்டி காட்டுங்கோ. மேனேஜருக்கு மேலே இருக்கறவரையும் பக்கத்துல உட்காரவச்சுண்டு."

செல்வி தலையாட்டினாள். தைரியம் வந்த முகமாகத் தெரியவில்லை. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது என்று படியிறங்கும்போது சொன்னாள். என்னவானாலும் போன் பண்ணு என்று நம்பர் கொடுத்தேன்.

திங்கள் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாயும் போன் இல்லை. போட்டுவிட்டாள் என்றே முடிவு செய்தேன். அவளைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அழைத்தாள். போடவில்லையாம்! பெரிய அதிகாரியை உட்காரவைத்து மூன்றாம் முறை காட்டியிருக்கிறாள். அவர் தன் கையாலேயே இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாராம். சிப் நிறுத்தி வைக்கப்பட்டது. திருத்துகிறார்கள்.

பாராட்டினார்களா என்று கேட்டேன். வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்களாம். வேலை போகவில்லை, அந்த மட்டும் லாபம். பழைய மேனேஜர் லிஃப்டில் எதிர்ப்பட்டால் உடனே போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறாராம்.

"வருத்தமா இருக்காம்மா?"

"இல்ல அங்கிள்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த டீம் சிப்லயும் ஒரு தப்பு மாட்டியிருக்கு. புது மேனேஜர்ட்ட நாளைக்குத்தான் சொல்லணும்" என்றாள்.

இனி அந்த லிஃப்டில் போனைப் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர்.