நூறு குண்டுக்கும் ஒரே இறுக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை, அஞ்சுகிராமம் ரோட்டில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கம். மாவட்ட ரைபிள் போட்டி. முதல் ஆராதனையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தோம். என் மனைவி மெர்சி ஏழாவது லேனில் நின்று சுட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெர்சி பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். வயது நாற்பத்தாறு. ஏர் ரைபிளைக் கையில் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. மாநிலப் போட்டிக்குப் போக ஒரு தகுதி ஸ்கோர் வேண்டும். இரண்டு முறை நூலிழையில் தவறிவிட்டது. இந்த முறை விடப்போவதில்லை என்று தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெறும் ரைபிளைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்து நிற்பாள். சுடுவது கூட இல்லை... சும்மா நிற்பது! அதுதான் பயிற்சியாம்.

இந்த நேரம் பார்த்து டெக்சாஸிலிருந்து வந்து இறங்கினார் டேனியல் அத்தான். மெர்சியின் அண்ணன். ஒரு மாத லீவு.

அத்தானுக்கு அங்கே பொழுதுபோக்கு, தோட்டா செய்வது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, வெடிமருந்து நிரப்பி, அதன் கழுத்தில் புதுக் குண்டை அழுத்திச் செருகி மறுபடியும் சுடுவார்களாம். அந்தக் கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதற்குப் பெயர் ‘நெக் டென்ஷன்’. ஒரு கூடு இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் பிடித்தால் குண்டுகள் வெவ்வேறு வேகத்தில் போகும். இலக்கில் சிதறும். அதனால் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கு வைத்து அதில் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று கழுத்தைச் சரிசெய்வார்களாம்.

நல்ல விஷயம்தான். யார் இல்லை என்றது? ஆனால் சாப்பாட்டு மேஜையில் இட்லிக்கு நடுவே நெக் டென்ஷன்! வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனால் அங்கே கடலைப் பார்க்காமல் நெக் டென்ஷன்! நான்கு நாளில் எங்கள் வீட்டுப் பூனைக்கே அது தெரிந்திருக்கும்.

“இங்க வீட்டுல தோட்டா செய்ய விட மாட்டானுவளாமே மாப்ளே. அப்பறம் எப்படி இந்த நாடு மெடல் வாங்கும்?” என்று வேறு கவலைப்பட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சனிக்கிழமை மத்தியானம் மெர்சி சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் அத்தான் ஷெல்ஃபிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தார். போட்டிக்கென்று மெர்சி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்த நூறு ஈயக் குண்டுகள். ஏர் ரைபிளில் கூடும் கிடையாது, மருந்தும் கிடையாது, கழுத்தும் கிடையாது. காற்றுதான் தள்ளுகிறது. சின்னப் பெல்லட், பின்பக்கம் மெல்லிய பாவாடை மாதிரி விரிந்திருக்கும். அவ்வளவுதான்.

“கழுத்து இல்லேன்னா என்ன, பாவாடை இருக்குல்லா? அது பாரலை ஒரே இறுக்கமாப் பிடிக்கணும். தியரி ஒண்ணுதான் மாப்ளே.”

பால்பாயின்ட் பேனாவின் முனையை ஒவ்வொரு குண்டின் பாவாடைக்குள்ளும் விட்டு ஒரு திருகு திருகினார். பிறகு டெக்சாஸிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் காலிப்பர் என்ற அளவுக் கருவியின் தாடையில் வைத்து அளந்தார். நூறும் ஒரே அளவு! ஏன் இருக்காது? பித்தளையை அளந்து பழகிய கை, ஈயத்தையும் அதே அழுத்தத்தில் கவ்வியது. அளக்கும்போதே நசுங்குகிற பொருள் அவர் கேட்ட அளவைத்தானே காட்டும்?

இந்த ஞானம் எனக்கு இப்போதுதான் வருகிறது. சனிக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு குண்டாக எடுத்துக் கொடுத்தேன். பக்தியோடு!

“அவகிட்ட சொல்லாண்டாம். நாளைக்கு ஸ்கோரைப் பாத்து அவளே அசந்து போவா,” என்றார் அத்தான். நானும் சரி என்றேன்.

அசந்துதான் போனாள். போட்டிக்கு முன்னால் குறியைச் சரிபார்த்துக்கொள்ள விடும் சைட்டிங் நேரத்தில் சுட்ட குண்டுகள் திரையில் நாலாபக்கமும் சிதறின. மெர்சி சைட்டைத் திருகினாள். மறுபடி திருகினாள். ரைபிளை இறக்கி வைத்து, கண்ணை மூடி மூச்சு விட்டாள். கையை உதறிப் பார்த்தாள். தன்னையே சந்தேகப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

இதை நான் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறவர்கள் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் தங்களைச் சந்தேகப்படுவார்கள். நோண்டுகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சந்தேகமே வராது. பக்கத்து நாற்காலியில் அத்தான், “பாரலைக் கழுவிருக்க மாட்டா” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

போட்டி ஆரம்பித்தது. மொத்தம் அறுபது. முதலில் பத்து குண்டு. பத்தும் படுமோசம். பதினொன்றாவது குண்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளியவள் நிறுத்தினாள். அதை வெளியே எடுத்து மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் போனைப் பார்த்தேன். போனில் சார்ஜ்கூட இல்லை!

மெர்சி கையைத் தூக்கி நடுவரிடம் ஏதோ சொன்னாள். பக்கத்து லேனில் கோட்டாறு ஷாஹினா. இருவருக்கும் ஒரே தகுதி ஸ்கோர்தான் தேவை. அந்தப் பெண் நடுவரைக் கேட்டுக்கொண்டு தன் குண்டு டின்னையே இடையில் நகர்த்தி வைத்தாள். “எடுத்துக்கிடுங்க டீச்சர். எனக்கு நிறைய இருக்கு.”

முன்பின் பழகாத பிராண்டு குண்டு. அதைப் போட்டு மீதி ஐம்பதையும் மெர்சி சுட்ட சுடல் இருக்கிறதே... அரங்கமே எட்டிப் பார்த்தது. கடைசியில் தகுதி ஸ்கோருக்கு ஒன்றரை பாயின்ட் குறைவு. ஷாஹினா தேறிவிட்டாள். மெர்சிதான் முதல் ஆளாகப் போய்க் கட்டிப்பிடித்தாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமும்தான்.

திரும்பும்போது காரில் அத்தான் சும்மா இருந்தாரா? “கண்டவ குண்டைக் கடன் வாங்கிச் சுட்டா இப்பிடித்தான் ஆகும். பாதியில அம்யூனிஷனை மாத்தப்பிடாதுட்டி. அங்க நாங்கல்லாம்...”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “மெர்சி, குண்டை நோண்டுனது நாங்கதான். அத்தான் பேனாவால திருகுனாங்க. நான் எடுத்துக் குடுத்தேன்,” என்றேன்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்த ஈயம் குவாலிட்டி இல்ல,” என்றார், கண்ணாடியிடம்.

மெர்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள்தான் வண்டி ஓட்டினாள். நாகர்கோவிலுக்குள் நுழையும்போது கேட்டாள்.

“ரெண்டு பேரும் சொல்லுங்க பாப்பம்... நான் உங்ககிட்ட கேட்டனா?”

டெக்சாஸ்காரர் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தார். நானும்தான். பதில் தெரிந்த ஆண்கள் யாராவது இருந்தால் எழுதிப் போடுங்கள்.