பதினோரு நிமிஷ மெஷின்

எங்க வீட்டு கம்ப்யூட்டர் முழிச்சு எந்திரிக்க பதினோரு நிமிஷம் ஆகும். வாய்க்கு வந்ததைச் சொல்லல, அடுப்படி கடிகாரத்தைப் பாத்துக் கணக்கெடுத்தது. காலையில அவர் பட்டனை அமுக்குற சத்தம் கேட்டதும் நான் அரிசியை உலையில போடுவேன். சோறு முக்கால் பதம் வர்றப்பதான் அது ஒரு வழியா முகத்தைக் காட்டும்.

அவர்னா எங்க வீட்டுக்காரர். வீட்டு பிளான் வரையறவர். ஆபீஸ்ல அவருக்குப் பட்டப்பேரு ஸ்கேல். பத்தொம்பது வயசுல வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு வெறுங்கையால நேர்கோடு போட்டுக் காட்டினாராம், ஒட்டிக்கிச்சு. அப்பல்லாம் பலகையில தாளை ஒட்டி மைப் பேனாவால வரையணும். தப்பா வந்தா பிளேடால சுரண்டணும். இவர் பிளேடு வாங்கினது முகம் வழிக்க மட்டும்தான்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. நாப்பது வயசுல பலகையைத் தூக்கிப் போட்டுட்டு கம்ப்யூட்டர் கொண்டாந்து வெச்சாங்க. கூட இருந்தவங்க நாலு பேர் வேலையை விட்டே போயிட்டாங்க. இவர் மூணு மாசத்துல கத்துக்கிட்டு மத்தவங்களுக்குத் திருத்திக் குடுத்தார்.

யார் வீட்டுக்குப் போனாலும் மனுஷங்களைப் பாக்க மாட்டார், சுவத்தைப் பாப்பார். "இந்த ஜன்னல் ஒன்பது அங்குலம் தள்ளி வந்திருக்கணும்"பார். ஒரு சாவு வீட்டுல அழுதுக்கிட்டு இருந்த பொம்பளைகிட்டயே சொல்லிட்டார். நான் கிள்ளின கிள்ளுல ஒரு வாரம் கை கன்னிப்போய் கிடந்துச்சு. எங்க வாடகை வீட்டு அடுப்படிக் கதவு உள்பக்கமாத் திறக்கும். இருபத்திரண்டு வருஷமா அதைத் திட்டாம அவர் உள்ள வந்ததில்ல.

"இதை வரைஞ்சவன் கையை முறிக்கணும்."

"வரைஞ்சவன் சமைச்சவன் இல்ல, விடுங்க. தட்டை எடுத்துக்கிட்டு உக்காருங்க."

இதான் எங்க குடும்பம்.

ஏழு வருஷம் முன்னாடி அந்த ஆபீஸை மூடிட்டாங்க. அங்க வேலை பாத்த ஒரு இன்ஜினியர் தனியா தொழில் ஆரம்பிச்சார். சின்ன வயசு, இவரை அண்ணேன்னும் என்னை அண்ணின்னும் கூப்பிடுவார். "அண்ணே, வீட்டுலேர்ந்தே வரைஞ்சு அனுப்புங்க"ன்னார். அதுக்காக வாங்கினதுதான் இந்த மெஷின். பாகம் பாகமாப் பொறுக்கி மாட்டினது இல்ல, கம்பெனிக்காரனே மொத்தமா கட்டி சீல் ஒட்டி வித்தது. முதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் வரவர மாடு மாதிரி அசை போட ஆரம்பிச்சது.

ரெண்டு வருஷமா இவர் வேலையும் இழுத்துச்சு. திங்கக்கிழமை குடுக்க வேண்டியது வியாழக்கிழமை போகும். போன் வந்தா ஒரே பதில். "மெஷின் ஓப்பன் ஆகலப்பா." "மெஷின் நடுவுல நின்னு தொங்கிப் போச்சுப்பா." போன வருஷம் ஒரு பிளான்ல கக்கூசுக்குக் கதவே இல்ல. இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரிச்சார். "அண்ணே, உள்ள போறவன் சுவரேறிக் குதிக்கணுமா?" இவரும் சிரிச்சுக்கிட்டே, "மெஷின் தொங்கினப்ப கதவு அழிஞ்சிருக்கும்ப்பா"ன்னார். நானும் சிரிச்சேன். அதை நெனைச்சா இப்ப பத்திக்கிட்டு வருது.

அதுக்கப்புறம் ஒரு நாள் இன்ஜினியர் சிரிக்காம பேசினார். ஸ்பீக்கர்ல போட்டிருந்ததால எனக்கும் கேட்டுச்சு.

"அண்ணே, ஒரு மாடி வீடு இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும். இதுவும் இழுத்துச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. மெஷினை மாத்துங்கண்ணே."

போனை வெச்சுட்டார். எனக்கு ஆத்திரம். மிக்சி ஓடலைன்னா நானே கழட்டிப் பாக்கறவ, குழாய்க்கு வாஷர் நானே மாத்தறவ. ஒரு பொட்டி நம்ம சோத்துல மண்ணைப் போடுது, அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொன்னா? வீடியோ பாத்து விசாரிச்சேன். உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க் பழைய சுத்துற ரகம், அதான் இந்தத் தாமதம், பக்கத்துல எஸ்.எஸ்.டி.ன்னு ஒண்ணு மாட்டி எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டா பறக்கும்னாங்க. வாங்கிட்டேன். உள்ளங்கை அளவு, பிஸ்கட்டு கனம்.

இவர் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, நோண்டாத. வாரண்டி போயிடும்."

"வாரண்டி செத்து ஆறு வருஷம் ஆச்சு. திவசமே குடுத்திருக்கலாம்."

"பழைய பிளான் எல்லாம் அழிஞ்சு போயிடும்."

"அழியாது. காப்பிதான் எடுக்கறேன்."

மறுநாள் ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். டப்பா டப்பாவாத் தேடி, கடைசியில செருப்பு ஸ்டாண்டுல அவரோட பழைய ஷூவுக்குள்ள கெடந்துச்சு. ஷூவுக்குள்ள அது தானா நடந்தா போகும்? அப்பவாவது நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல, பேசினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இத்தனை நாள் மெஷினைச் சொல்லிச் சொல்லியே ஓட்டினீங்க. இப்ப கூடத்தை நேராக்கறேன், ஆடுங்க பாப்போம்."

அவர் துண்டை எடுத்து முகத்து மேல போட்டுக்கிட்டு நாற்காலியில சாஞ்சுட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில பிளக்கைப் பிடுங்கிட்டு, பின்னாடி ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி, பக்கத்துத் தகரத்தை இழுத்தேன். உள்ள தூசி மெத்தை மாதிரி படிஞ்சிருந்துச்சு. பெயிண்ட் பிரஷ்ஷால தட்டினேன். புதுசுக்குக் கரண்டு குடுக்கத் தனியா ஒரு ஒயரும் இல்ல. இந்த மாதிரி மொத்தமா கட்டி விக்கறவன் ஒரு ஒயரைக்கூட மிச்சம் வைக்க மாட்டான் போல, நான் காய் வாங்கறதைவிடக் கஞ்சத்தனம். சிடி போடற தட்டுக்குப் போற ரெண்டு ஒயரையும் உருவிப் புதுசுல சொருகினேன். சிடி பாத்து எந்தக் காலம் ஆச்சு. புதுசை முடுக்கவும் உள்ள இடம் இல்ல, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பைப் போட்டு அடியில ஒட்டினேன். காப்பி எடுக்கற இடத்துல, எதுலேர்ந்து எதுக்குன்னு கேட்டுச்சு. வெறுங்குடத்தை நிறைகுடத்துல கவுத்துடக் கூடாதுன்னு மூணு தடவை படிச்சுட்டுத்தான் அமுக்கினேன். நாலு மணி நேரம் ஓடுச்சு. அதுக்குள்ள துணி துவைச்சுக் காயப்போட்டு எடுத்துட்டேன். அப்புறம் புது டிஸ்கிலேர்ந்து கிளம்புன்னு மாத்திவிட்டு, திரும்பப் போட்டேன்.

பதினாலு செகண்டு. நான் மூடியைத் திறந்து உலையைப் பாக்கறதுக்குள்ள வந்து நின்னுச்சு.

"ஏங்க! வந்து பாருங்க!"

வந்தார். பாத்தார். டாக்டர் சீட்டைப் பாக்கற மாதிரி பாத்தார். "நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டார். ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாய் கோணிடுமோன்னு நெனைச்சேன்.

மறுநாள் அவர் குளிக்கப் போனப்ப இன்ஜினியர் போன் பண்ணார். நான்தான் எடுத்தேன். வாய் சும்மா இருந்துச்சா?

"இனிமே மெஷின் பேச்சே கிடையாது தம்பி. நானே புது டிஸ்க் மாட்டிட்டேன். பதினாலு செகண்டு! உங்க ஆபீஸ் மெஷினைக் கொண்டாங்க, பந்தயம் வைப்போம்."

"அண்ணி, நீங்கதான் நிஜமான இன்ஜினியர்"னு சிரிச்சார்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீ கொண்டு போனேன். திரையில அந்த மாடி வீடு. கீழ் வீடு முழுசா இருந்துச்சு, மேல ஒண்ணுமில்ல. கை மவுஸ் மேல இருக்கு, அசையல. காலையில துணி மடிக்க வந்தப்பவும் இதே படம்தான்.

"என்னங்க, அப்படியே நிக்குது?"

"லோட் ஆகுது."

எனக்கு பிளான் தெரியாது. லோட் ஆகறது தெரியும். அந்த வட்டம் சுத்தணும். எதுவும் சுத்தல.

நான் பக்கத்துல உக்காந்தேன். டீ ஆறி ஆடை கட்டிடுச்சு. அப்புறம் திரையைப் பாத்துக்கிட்டே கேட்டார்.

"பத்தடி உயரம். படிக்கு ஆறு அங்குலம். எத்தனை படி?"

நான் விரலை மடக்கி எண்ணினேன். "இருபது."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் வேற வேறயா வருது?"

சாவு வீட்டுல நின்னுக்கிட்டு கண்ணாலயே ஒன்பது அங்குலம் அளந்த மனுஷன்.

மேசை டிராயரை இழுத்து ஒரு நோட்டை எடுத்தார். நான் தூசி தட்டற டிராயர்தான், மேல பழைய பில்லெல்லாம் அடுக்கி வெச்சிருந்ததால அடியில இருந்தது கண்ணுல படல. சின்ன சின்ன எழுத்து. கோடு போட எதை அமுக்கணும். கதவு எந்த மெனுவுல இருக்கு. நேத்து எந்த ரூம்ல நிறுத்தினேன். இன்ஜினியர் பொண்டாட்டி எப்படி இருக்காங்கன்னு கேக்கணும், ஆபரேஷன் ஆகியிருக்கு. ஒரு பக்கத்துல கட்டம் கட்டி, 'எல்லா ரூமுக்கும் கதவு இருக்கான்னு பாக்கவும்'னு எழுதியிருந்துச்சு.

"ஒண்ணரை வருஷம் ஆச்சு"ன்னார். "அது திறக்கறதுக்குள்ள இதை ஒரு தடவை முழுசாப் படிச்சிடுவேன். அது வர்றப்ப நானும் தயாரா இருப்பேன். இப்ப அது எனக்கு முன்னாடி வந்து நிக்குது. எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி என்னையே பாக்குது."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ கழட்டிப் பாப்ப."

ஸ்க்ரூ டிரைவர் ஷூவுக்குள்ள போனதுக்கு இப்பதான் அர்த்தம் தெரிஞ்சுது.

"நான் கூட உக்காந்து எண்ணிச் சொல்றேன்"னு சொன்னேன். அதான் தப்பாப் போச்சு. முப்பத்தஞ்சு வருஷமா கோடு போட்டவர்கிட்ட, விரல் மடக்கி எண்ணறவ சொல்லித் தர்றேன்னா? முகம் சுருங்கிடுச்சு. "நீ போய் உன் வேலையைப் பாரு. இருபதுதானே? நான் முடிச்சுக்கறேன்"னார். நானும் எந்திரிச்சுப் போயிட்டேன். அந்த மரியாதையையாவது விட்டு வைப்போம்னு.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடியே அனுப்பிட்டார். அன்னிக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை போன். அவர் தூங்கிக்கிட்டு இருந்தார், நான் எடுத்தேன்.

"அண்ணி, படி பதினேழுதான் இருக்கு. மேல போறவன் கடைசி ஒண்ணரை அடி பறந்துதான் போகணும்." இந்தத் தடவை சிரிப்பு இல்ல.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவருக்காக நான் ஒரு பொய் சொன்னதில்ல. சொன்னேன். "மெஷின் தொங்கிப் போச்சு தம்பி."

அப்புறம் மெதுவா கேட்டார். "புது டிஸ்க் மாட்டியாச்சு, இனிமே மெஷின் பேச்சே கிடையாதுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

என் வாயாலயே தப்பி ஓடுற வழியை அடைச்சு வெச்சிருந்தேன். அந்தத் தம்பி கெட்டவர் இல்ல. "அண்ணனை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னார். அதுக்கப்புறம் வேலை எதுவும் வரல.

காட்டினேன். டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் குடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். இவர் ஒரே இழுப்புல வட்டம் போட்டார். டாக்டரே தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "காம்பஸ் இல்லாமயா?" எனக்கு ஒரு நிமிஷம் பெருமையா இருந்துச்சு. அப்புறம் இவர் நம்பர் போட ஆரம்பிச்சார். ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வலது பக்கத்துலயே நெருக்கி எழுதி முடிச்சார். இடது பக்கம் சுத்தமாக் காலி. "முடிஞ்சுது"ன்னு பேனாவை மூடி டாக்டர்கிட்ட குடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறப்ப கேட்டார், "பழசையே மாட்டிடறியா?"

மறுபடியும் தகரத்தைத் திறந்து, டேப்பைப் பிச்சு, புதுசை எடுத்துட்டேன். அது இப்ப அடுப்படி டிராயர்ல, குக்கர் கேஸ்கெட்டுக்குப் பக்கத்துல கெடக்கு. பதினேழு படி வெச்ச வீடு அதுக்குள்ளதான் இருக்கு. பழைய டிஸ்குல அந்த செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் இருக்கு. கீழ் வீடு மட்டும் வரைஞ்சு, மேல வெறுமையா.

அஞ்சு மாசம் ஆச்சு. தினம் காலையில பட்டனை அமுக்கறார். நான் அரிசியைப் போடறேன். அவர் நோட்டை மடியில வெச்சுக்கிட்டு உதடு அசைய அசையப் படிக்கறார். சில நாள் ரெண்டு கோடு போடறார், சில நாள் அதுவும் இல்ல. அடுப்படிக் கதவைத் திட்டறதை எப்ப நிறுத்தினார்னு எனக்கே ஞாபகம் இல்ல.

நேத்து சோறு கொதிக்கறப்ப உள்ளேர்ந்து குரல் குடுத்தார்.

"ஏம்மா, இந்த மாடி வீடு வெள்ளிக்கிழமைதானே குடுக்கணும்?"

"ஆமா, வெள்ளிக்கிழமைதான்"னேன்.

"அப்ப இருக்கு நேரம்"னார். மெஷின் இன்னும் முழிக்கல.