நாற்பத்தாறு வாரக் கதையும் ஒரு பெருநாள் பரிசும்

1. ஒரு வாரம் குறைகிறது

நோன்பு இருபத்தெட்டு. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, தைப்பதற்காகத் தாள்களை அடுக்கினேன். ஒரு வாரச் சஞ்சிகையில் நாற்பத்தாறு வாரம் வந்த தொடர்கதை. எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தைந்து. மறுபடியும் எண்ணினேன்: நாற்பத்தைந்து. நோன்புக் களைப்பாக இருக்கும் என்று முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வந்து எண்ணினேன். மூன்று தரம் கணக்குப் பார்த்து மூன்று தரமும் எனக்கு ஒரே விடை வந்தது அன்றைக்குத்தான்.

குறைந்தது கடைசி வாரம். கதையின் முடிவைக் காணவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், கிழக்கிலங்கையில், கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் எனக்கு பைண்டிங் கடை இருந்தது. ஒரு மேசை, ஓர் இரும்பு பிரஸ், ஒரு கட்டர், ஒரு பசைச் சட்டி. முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான்; இரண்டு பேருக்கும் ஒத்துப் போகாது. பாடசாலை இடாப்பு, கந்தோர்ப் பதிவேடு, முதுகு விட்ட அகராதி என்று வருஷம் முழுக்க வேலை வரும். பெருநாள் நெருங்கினால் மட்டும் வேறொரு கூட்டம் வரும்: வாசிப்புப் பைத்தியம் பிடித்த ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று தெரியாமல் விழிக்கிறவர்கள். இன்றைக்கும் பிள்ளைகள் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. சவூதிச் சாமானுக்கு மசியாத மனைவி

அதற்குப் பத்து நாள் முன்பு ரவூப் கடைக்கு வந்திருந்தார். சவூதியில் டிரைவர் வேலை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு லீவில் வந்திருந்தார். அண்ணன் முறையில் அவருக்கு நான் 'காக்கா'.

"காக்கா, கேசட் ரேடியோ கொண்டு வந்தன். சாரி ரெண்டு, பிளாஸ்க், அத்தர். எல்லாத்தையும் பாத்து 'நல்லம்' எண்டு சொல்லி அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா. முகத்தில ஒரு வெளிச்சமும் இல்ல. வாசிக்கிற ஆளுக்கு என்ன காக்கா குடுக்கிற?"

அவருடைய மனைவி நஸீமாவை ஊருக்கே தெரியும். கடலை வாங்கினால் கடலையைத் தின்றுவிட்டு, சுற்றி வந்த கடதாசியையும் வாசித்து முடிக்கிற ஆள்.

"ஒரு புத்தகம் வாங்கிக் குடுங்க" என்றேன்.

"அவ வாசிக்காத புத்தகம் இந்தக் கல்முனையில இல்ல."

"மேசை லாம்பு?"

"மறுநாளே அவட உம்மா, எங்கட மாமி, அதக் குசினிக்குக் கொண்டு போயிருவா."

"புத்தகம் வைக்க ஒரு ராக்கை?"

"மரவேலை ஓடாவிக்கிட்டக் கேட்டன். ரெண்டு மாசம் போய் ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தாறனெண்டான்."

"வாசிக்கிற கண்ணாடி?"

ரவூப் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எனக்கு வயசு போயிட்டு எண்டு சொல்ல வாறீங்களா எண்டு கேப்பா. அதுக்கு நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

பிறகு யோசித்து யோசித்து ஒன்றைச் சொன்னார். நஸீமா ஒரு தொடர்கதையை வாரா வாரம் வெட்டி, உரப்பை ஒன்றில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். வாராவாரம் ஏங்கிக்கொண்டிருக்க ஏலாது, முடிந்த பிறகு ஒரே மூச்சில் வாசிப்பேன் என்று ஒரு வரிகூடப் பார்க்காமல் சேர்த்தது. கதை முடிந்த நேரம் நோன்பு வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் கதை வாசிப்பதில்லை என்று பெருநாளுக்காகப் பொத்தி வைத்திருந்தார்.

"அதக் கொண்டு வாங்க. மட்டைக்குக் கலிக்கோத் துணி போட்டு, நாடா வெச்சு, ஒரே புத்தகமாக் கட்டித் தாறன். இதுக்கு மேல ஒரு பரிசு இல்ல" என்றேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். பின்னாட்களில் அந்தக் கையை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

மறுநாளே ரவூப் மனைவிக்குத் தெரியாமல் உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தார்.

3. முடிவை முதலில் தின்கிறவன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கட்டுவதற்கு வருகிற கதைகளை வாசிப்பேன். அதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டேன். முதலில் முடிவைப் படிப்பேன். அது பிடித்தால்தான் தொடக்கத்துக்குப் போவேன். நஸீமாவின் தாள்களிலும் அடியிலிருந்து கடைசி வாரத்தின் இரண்டு தாளை உருவி வாசித்தேன். நல்ல முடிவு. கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அந்த இரண்டு தாளையும் மேசையில் எங்கேயோ வைத்துவிட்டு, முதல் வாரத்தை எடுத்தேன்.

எங்கே வைத்தேன் என்பதுதான் இப்போது கேள்வி.

கடையைத் தலைகீழாக்கிவிட்டேன். பசைச் சட்டிக்குள்ளும் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் ரவூப் ஓடி வந்தார்.

"காக்கா, வீட்டில நெருப்புப் பத்துது! பெருநாளைக்குக் கூட்டித் துடைக்கக்குள்ள உரப்பையைக் காணல்ல. கடதாசிப் பை ஒட்டுற பொம்பிளைக்கு மாமி தூக்கிக் குடுத்துட்டா எண்டு நஸீமா சத்தம் போடுறா. மாமி அல்லாஹ்ட மேல சத்தியம் பண்ணுறா. ரெண்டு பேரும் கதைக்கிறல்ல. நான் எடுத்ததெண்டு சொன்னா பரிசு போயிரும், சொல்லாட்டி மாமி போயிருவா. பெருநாள் முடிஞ்சி அஞ்சாம் நாள் எனக்கு பிளேன். சுறுக்கா முடிச்சித் தாங்க."

கடைசி வாரம் இல்லை என்று சொன்னேன். அவர் அப்படியே வாசல்படியில் குந்திவிட்டார். அந்தச் சஞ்சிகையின் பழைய பிரதி ஒன்றுகூடக் கடைகளில் இல்லை. விற்காததெல்லாம் கடலைச் சரையாகிப் பல நாள்.

"நீங்க வாசிச்சீங்கதானே காக்கா? முடிவ எழுதித் தாங்களன்."

"எனக்கு எழுத வருமெண்டா, மத்தவன் எழுதினதத் தைச்சிக்கிட்டு நான் ஏன் தம்பி இரிக்கன்?"

அவரை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். நான் முடிவை வாசித்த அந்த நாளில் கடைக்கு யார் வந்தார்? இறக்காமத்து லெப்பை வந்தார். கலியாணம் எழுதுகிறவர். நோன்பில் கலியாணம் இல்லை. பெருநாள் முடிந்ததும் வரிசையாக வரும். அதற்குள் தன்னுடைய பதிவுப் புத்தகத்தின் மட்டையை மாற்ற வேண்டும் என்று வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தலைக்கு மேலே நின்றார்.

மட்டைக்கு லைனிங் போடுவோம். காய்ந்த பிறகு மட்டை அப்பளம் மாதிரி வளையாமல் இருக்க, உள்பக்கத்தில் ஒரு கழிவுத் தாளை ஒட்டி, அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டுவது. முன் மட்டைக்கு ஒன்று, பின் மட்டைக்கு ஒன்று. அன்றைக்குக் கை நீட்டியதும் அளவான இரண்டு தாள் கிடைத்ததும், "அட, வெட்டவே தேவையில்ல" என்று நான் சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தன.

காதல் கதையின் முடிவை லெப்பையின் கலியாணப் புத்தகத்துக்குள் வைத்து ஒட்டியிருந்தேன்.

4. நோன்பு நாளில் கேத்தல்

இருபத்தொன்பதாம் நோன்பு காலையில் இரண்டு பஸ் மாறி இறக்காமம் போனேன். பையில் தட்டைக் கத்தி, பஞ்சு, வெள்ளைத் தாள், ஒரு போத்தல் பசை. லெப்பை தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சொன்னார்: "ரா முழுக்க வயலுக்குள்ள யானை துரத்த வெடி போட்டுட்டு இப்பதான் கண்ணசந்தாரு."

எழும்பி வந்தவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"லெப்பை, உங்கட புத்தகத்துக்குள்ள ஒரு சாமான் கூடப் போயிட்டு."

"என்ன சாமான் மனே?"

"ஒரு கதை."

"என்ன கதை?"

"காதல் கதை. கடைசி வாரம்."

"அஸ்தஃபிருல்லாஹ்! நேத்தும் அதக் கக்கத்தில வெச்சிக்கிட்டுத்தானே தொழப் பள்ளிக்குப் போனன்!"

நடந்ததைச் சொன்னேன். சவூதி, லீவு, மாமி, சத்தியம், எல்லாம். தாயும் மகளும் பெருநாளைக்குக் கதைக்காமல் இருப்பார்கள் என்றதும் லெப்பை புத்தகத்தைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "எழுத்தில ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் நாப்பது குடும்பம் உன்னத் தேடி வரும். பாத்துச் செய்."

வெந்நீர் ஆவி வேண்டும். அவருடைய மனைவியைக் கூப்பிட்டு, "ராத்தா, ஒரு கேத்தல் தண்ணி கொதிக்க வைக்க ஏலுமா?" என்றேன். நோன்பு நாளில், நடுப்பகலில். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பயணத்தில வந்ததால நோன்பில்லையா வாப்பா? வெக்கப்படாமச் சொல்லுங்க, தேத்தண்ணியே ஊத்தித் தாறன்."

"குடிக்க இல்ல ராத்தா. ஆவி பிடிக்க."

"சளியா?"

"எனக்கில்ல. புத்தகத்துக்கு."

அவர் உள்ளே போய் லெப்பையிடம் மெதுவாக என்னவோ கேட்டார். தண்ணீர் மட்டும் வந்தது.

கோதுமை மாப் பசைக்கு ஒரு நல்ல குணம்: ஈரம் காட்டினால் பிடியை விடும். நாள் அதிகம் போகாததால் இன்னும் இறுகவில்லை. பஞ்சை நனைத்து ஒற்றி, ஆவி காட்டி, வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, கத்தியை அடியில் விட்டேன். முதல் தாள் பாலாடை மாதிரி முழுதாக வந்தது. இரண்டாவது தாள் பாதி வரை வந்து, மூலையில் "சர்" என்றது. என் உயிரும் அதோடு கிழிந்தது. பார்த்தால், கிழிந்த மூலையில் இருந்தது தலைத் தைல விளம்பரம். கதையில் ஒரு எழுத்தும் போகவில்லை. லெப்பையும் நானும் ஒரே நேரத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றோம்.

தாள்களைக் கொடிக் கம்பியில் லெப்பையின் சட்டை, சாரத்துக்குப் பக்கத்தில் காயப் போட்டுவிட்டு, அவருடைய மட்டைக்கு வெறும் வெள்ளைத் தாளால் லைனிங் போட்டேன். திரும்பினால், லெப்பை கொடிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வாசிக்கிறார்.

"இந்தப் பொடியன் ஏன் அழுறான்?"

"அதுக்கு முதல் நாப்பத்தஞ்சு வாரம் இரிக்கு லெப்பை."

"காயும் மட்டும் சும்மாதானே நிக்காய். சொல்லன்."

சொன்னேன். நான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் "மறுகா? பிறகென்ன?" என்றார். குசினி வாசலிலிருந்தும் ஒரு "மறுகா?" வந்தது. கதை கலியாணத்தில் முடிந்தபோது லெப்பை தாடியைத் தடவினார்.

"எல்லாம் சரி. சாட்சி ரெண்டு பேரு ஆரு? எழுதல்லியே?"

"கதைதானே லெப்பை."

"கதையெண்டாப் போல? சாட்சி இல்லாட்டிச் செல்லாது."

5. பிறை

நோன்பு திறக்கும் நேரம் பஸ்ஸில்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு பேரீச்சம்பழம் தந்தார். கல்முனையில் இறங்கினால், ஊரே தெருவில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள். புத்தகத்தை இனித்தான் தைக்க வேண்டும், பசை போட வேண்டும், கலிக்கோ ஒட்ட வேண்டும். ஒரு பகலாவது பிரஸ்ஸில் கிடக்காவிட்டால் மட்டை வளைந்து, ஈரப் புத்தகத்தைத்தான் நஸீமா கையில் எடுப்பார். ஊரில் எல்லாரும் பிறை வேண்டும் என்று கேட்க, நான் மேற்கே நின்ற மேகத்தைப் பார்த்து, "கொஞ்சம் நில்லு, கொஞ்சம் நில்லு" என்று முணுமுணுத்தேன். தனியாக இல்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஐம்பது சேட்டுக்குப் பொத்தான் வைக்காமல் அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும்.

தெருவில் "ச்சே" என்று ஒரு பெருமூச்சு. தையல்காரர் உள்ளே போய் மெஷினை மிதித்தார். நான் உள்ளே போய் ஊசியில் நூல் கோத்தேன். முப்பதாம் நோன்பை அவ்வளவு மனம் நிறைந்து நான் வேறெந்த வருஷமும் பிடித்ததில்லை. அந்தப் பகல் முழுக்கப் புத்தகம் பிரஸ்ஸில் கிடந்து, பின்னேரம் அஸருக்கு வெளியே எடுக்கும்போது பலகை மாதிரி நேராக இருந்தது.

6. பெருநாள்

பெருநாள் தொழுகை முடிந்து ரவூபின் கையில் பொதியைக் கொடுத்தேன். பிறகு அவர் செய்ததை அவரே சொன்னார். பொதியைக் கட்டிலில் வைத்தார். "உரப்பையை எடுத்த கள்ளன் நீங்கதானா?" என்று நஸீமா கேட்கப் போகிறார் என்ற பயத்தில், அவர் பிரிக்கும் முன்னரே இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நிந்தவூரில் தன் உம்மா வீட்டுக்கு ஓடிவிட்டார். பொழுதுபட்டு, மஃரிபுக்குத்தான் திரும்பினார். மாமியோ கோபத்தில் மகளை அடுப்படிப் பக்கம் கூப்பிடவே இல்லை. ஆக, பிள்ளைச் சத்தம் இல்லாமல், சமையல் இல்லாமல், பெருநாள் பகல் முழுவதும் நஸீமா தனியாக இருந்து நாற்பத்தாறு வாரத்தையும் வாசித்து முடித்தார்.

மூன்றாம் நாள் நஸீமாவே கடைக்கு வந்தார்.

"காக்கா, கடைசி ரெண்டு தாள் மட்டும் ஏன் சுருங்கியிரிக்கு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லெப்பை சாட்சி கேட்ட இடத்தில் அவர் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மா என்னோட கதைக்கிறாவா எண்டு கேக்கல்லியே? மாப்புக் கேட்டன். இப்ப அவதான் புத்தகத்த வெச்சி வாசிக்கா. பக்கத்தில போனாலும் ஏசுறா."

"ரவூபுக்கு பிளேன் நாளைக்கு மறுநாள்தானே?"

"ஓம் காக்கா. ரெண்டு வருஷத்தில இந்த முறைதான் அவர் எனக்கெண்டு ஒரு சாமான் தந்தாரு எண்டு சொன்னன். மனிசனுக்குக் கண் கலங்கிட்டு." தானும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "இது புதுக் கதை. இருபது வாரம். முதல் பாகமாக் கட்டித் தாங்க. இதுட முடிவு இன்னும் வெளிவரல்ல. அந்தத் தைரியத்திலதான் உங்கட கையில தாறன்."

அவர் முன்னாலேயே இருபதையும் எண்ணி வாங்கினேன். அன்றிலிருந்து என் கடையில் அதுதான் வழக்கம்: தாளைக் கொண்டு வருகிறவர் முன்னால் எண்ணுவது, லைனிங்குக்கு வெள்ளைத் தாள் தவிர வேறொன்றும் தொடாதது. தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் இறக்காமத்துக்கு பஸ் ஏற வேண்டியிராது.

பரிசு கேட்டு வருகிறவர்களுக்கு ரவூபின் கதையைச் சொல்வேன். அவர்கள் வீட்டு ஆள் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு வரட்டும், கட்டித் தருகிறேன். ஆனால் கொடுக்கிற அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொழுதுபடும் வரை எங்கேயாவது போய்விட வேண்டும். கலிக்கோவும் நாடாவும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பகலை நான் எங்கே போய் வாங்கி ஒட்டுவது?