பனைகளுக்கு நடுவே படகு ஓட்டிய சூசை அண்ணன்

அன்று காலையில் சம்பங்கி கட்டிக்கொண்டிருந்தேன். பூ மூட்டையைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகிறவர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "நம்ம சூசை போயிட்டான் தாயி. மஞ்சக்காமாலை" என்றார். கையிலிருந்த சரத்தை முடித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு அடுத்த சரத்துக்கு நார் எடுக்கக் கை வரவில்லை.

முப்பதாம் நாள் பூசையில் வாசிப்பதற்கு, தெரிந்தவர்கள் நாலு வரி எழுதித் தரும்படி அவர் மனைவி ரெஜினா அக்கா கேட்டிருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதிக் கொடுத்தால் வேறு யாராவது வாசிப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

மரியசூசை அண்ணன் எங்களுக்கு அடுத்த தெரு. முன்பு லாரி ஓட்டியவர். ஆத்தூர் அணையில் ஒரு முதலாளி விசேஷ நாட்களில் மோட்டார் படகு விட்டபோது அதை ஓட்டப் போனார். அணை கட்டியதில் ஆற்றோரத்துப் பனங்காடு தண்ணீருக்குள் போய்விட்டது. மொட்டைப் பனைகள் சில மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே படகை வளைத்து வளைத்து ஓட்டுவார். அதில் ஏறத்தான் அவ்வளவு கூட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடிப்பெருக்கு அன்று நானும் ஏறினேன். அம்மா படுக்கையில் கிடந்த வருஷம் அது. அம்மா பேரில் நானே அரளியும் சம்பங்கியும் வைத்து மாலை கட்டியிருந்தேன். "நின்ன தண்ணியில போட்டுறாத. ஓடுற தண்ணியில விடு" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அணையில் எங்கே பார்த்தாலும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மாலையோடு கரையில் நின்றவளை அவர் பார்த்துவிட்டார்.

"ஏ பாண்டியம்மா, அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து ஏறு."

படகு கிளம்பியதும் உட்கார்ந்திருந்த பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காட்டிக்கொண்டே வந்தார். "இந்தா, இதுக்குக் கீழ ஒரு கெணறு இருக்கு. அந்தா தெரியுது பாருங்க, அது ஒசரமான மரம். இப்ப அதத் தொட்டுட்டு வருவோமா?"

முன்னால் இருந்த பலசரக்குக் கடைக்காரர், "ஏப்பா, செத்த மெதுவாப் போயேன். எனக்கு மூணு பொம்பளப் புள்ளைக இருக்கு" என்றார்.

"தண்ணிக்கு பிரேக் கெடையாதுங்க ஐயா. பயமா இருந்தா கண்ண மூடாதீங்க, வாய மூடுங்க. தண்ணி உள்ள போயிரும்."

பனையை ஒட்டிப் படகு சாய்ந்து திரும்பியது. எல்லார் முகத்திலும் தண்ணீர் அடித்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பூவும் கஷாயமுமாகப் போன அந்த வருஷத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

அப்போது படகின் பின்னால் பார்த்தேன். அங்கே தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. அணை முழுவதிலும் ஓடுகிற தண்ணீர் அது ஒன்றுதான். அம்மாவை நினைத்துக்கொண்டு மாலையை அதில் விட்டேன்.

வாழைநாரில் இறுக்கிக் கட்டிய மாலை. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது. இயந்திரம் இருமி நின்றுவிட்டது. காற்று தள்ளியதில் படகு ஒரு பனையில் மோதியது. பலகை உடைந்து உள்ளே தண்ணீர் ஏறியது. அண்ணன் கத்தியோடு குதித்தார். கொஞ்ச நேரத்தில் மேலே வந்தார். கையில் நாரும் நாலைந்து சம்பங்கியும் இருந்தன. என்னைப் பார்த்தார். அதைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு இயந்திரத்தைக் கிளப்பினார். எல்லாரும் துண்டாலும் தூக்குச்சட்டியாலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம்.

முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். "மரம் இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

"எங் கவனக்கொறவுதான் மொதலாளி" என்றார் அண்ணன்.

நான் மூன்றடி தள்ளித்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவரே பக்கத்தில் வந்தார். "அழுகாத புள்ள. மால ஓடுற தண்ணியிலதான் போச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லு. பொய்யில்லையே."

படகு வேலை அன்றோடு போயிற்று. மறுபடி லாரிக்குப் போனார். ஆடிப்பெருக்கு அன்று குடித்துவிட்டுப் படகை மரத்தில் விட்டவன் என்ற பேச்சு மட்டும் ஊரில் நின்றுவிட்டது. டீக்கடையில் சொன்னார்கள். ரெஜினா அக்காவின் அண்ணன்மாரும் சொன்னார்கள். துக்க வீட்டில்கூட ஒருவர் சொன்னார். அங்கேயும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். இரண்டு வருஷமாக இதே வேலையாக இருந்து அலுத்துப்போய்விட்டது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது, எனக்காக அவர் சொல்லாமல் விட்ட இந்தச் சங்கதிதான். இனி அது எனக்கு வேண்டாம். அன்று அவர் குடித்திருக்கவில்லை. மாலையை விட்டது நான். ரெஜினா அக்கா, இதை வாசிக்கும்போது பெண்கள் பக்கம் கதவோரத்தில் இருப்பேன். என் பெயர் வருகிற இடத்தில் எழுந்து நிற்கிறேன்.