ஷேடு பாஸாகாத கை

பன்னிரண்டு வயதில் நான் திடீரென்று அழகியானேன். சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அதுவரை 'மாநிறம்தான், ஆனா முகத்துல களை இருக்குது' என்று சமாளித்துவந்தவர்கள், என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மா 'நங்கை' என்று கூப்பிடும் அப்பாவின் அக்கா வாயைப் பிளந்தார்.

"பாப்பா நல்லாக் கலர் வந்துட்டாளே. என்ன பூசறே அவளுக்கு?"

"ஒண்ணும் பூசறதில்லீங் நங்கை. பால்ல குங்குமப்பூ போட்டுக் குடுக்கறனுங்க" என்றார் அம்மா.

அந்தக் குங்குமப்பூவை எங்கள் வீட்டில் நான் கண்ணால் கண்டதில்லை. பெருமை வீடு தேடி வரும்போது யார் கதவைச் சாத்துவார்கள்?

ஆனால் அழகியால் பள்ளிக்கூட மாடி ஏற முடியவில்லை. மூச்சு இரைத்து நடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். கோ-கோவில் யார் கையிலும் சிக்காமல் ஓடியவளை, பி.டி. டீச்சர் அணியிலிருந்தே எடுத்துவிட்டார். நான் அழுதேன். அம்மாவுக்கோ கோபம். "செல்லு பாத்துப் பாத்து ஒடம்பு சோம்பலாயிருச்சு" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட வைத்தியம்.

போன் போனதும், பள்ளி விட்டு நேராக அருள்புரத்தில் இருந்த எங்கள் பனியன் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே கட்டிங் டேபிளில், துணியில் கோடு போடும் சாக்பீஸ் கிடக்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதன் வாசனைக்கே எனக்கு எச்சில் ஊறும். மூலையில் நின்று நறுக்கென்று கடித்தால் சொர்க்கம். சாக்பீஸ் காணாமல்போவது பெரிய பஞ்சாயத்தானது.

"இங்கன வச்ச சாக்பீஸ எவன்யா எடுத்தது?" என்று மதுரைக்காரரான கட்டிங் மாஸ்டர் கத்துவார். பிகார் ஆட்கள் "நஹி மாஸ்டர்" என்று கையை விரிப்பார்கள். நானும் அவர்களோடு குனிந்து டேபிளுக்கு அடியில் தேடுவேன். வாயை மட்டும் திறக்க மாட்டேன்.

அப்போது ஒரு வெள்ளை டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிளீச்சிங்கிலிருந்து வந்த துணி, வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு பொருந்துகிறதா என்று அப்பா லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார். விதவிதமான விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு ஷேடு பார்க்கும் பெட்டி அது. வெள்ளைக்குள்ளேயே பல வெள்ளை கண்டுபிடிக்கும் கண் அப்பாவுக்கு. நான் குறும்பாக இரண்டு துணிகளுக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டினேன்.

"ஏனுங்கப்பா, இது பாஸுங்களா?"

அப்பா சிரித்துக்கொண்டே குனிந்தார். சிரிப்பு நின்றுபோனது. தன் உள்ளங்கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். விளக்கை மாற்றினார். தைத்த துணிகளைச் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு அவர் கையையும் வைக்கச் சொன்னார். மாஸ்டரின் கையும் வந்தது. மற்ற கைகளில் எல்லாம் சிவப்பு ஓடியது. என் கை மட்டும் துணியோடு சேர்ந்துகொண்டது.

"இது கலர் வந்ததில்ல புள்ள, கலர் போனது" என்றார் அப்பா அம்மாவிடம். வேலையை அப்படியே விட்டுவிட்டு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கையும் நகத்தையும் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே கேட்டார்: "மண்ணு, அரிசி, சாக்பீஸ் இப்படி ஏதாச்சும் திங்கோணும்னு இருக்குதா கண்ணு?"

நல்லவேளை, மாஸ்டர் எங்களோடு வரவில்லை. "சாக்பீஸுங்க" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அதத் தின்னுதான் ரத்தம் போச்சுங்களா?"

"இல்லீங்கம்மா. ரத்தத்துல இரும்புச்சத்து கொறஞ்சா நாக்கு இப்படிக் கண்டதைக் கேக்கும். மூச்சு வாங்கறதும் அதனாலதான். சோம்பல் இல்லீங்க."

மாதவிலக்கு நீளுகிறதா என்றும் கேட்டார். நீளத்தான் செய்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று அம்மா நினைத்திருந்தார். அதற்கும் தனியாக வைத்தியம் தொடங்கியது. இரும்பு டானிக்கை எலுமிச்சைச் சாற்றோடு குடிக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் டீ ஆகாது. பழைய காசை நக்கியதுபோல இருந்தது அது. மாதக்கணக்கில் குடித்தேன். பிறகு ஒருநாள் ஆசையாகச் சாக்பீஸைக் கடித்தேன். வெறும் சுண்ணாம்பு! துப்பிவிட்டேன். மாஸ்டரின் பஞ்சாயத்தும் தானாக முடிந்தது.

அடுத்து அவிநாசியில் ஒரு கல்யாணம். அத்தை என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"ஏங் கண்ணு, இப்படிக் கறுத்துப்போயிட்டே? உங்கம்மா குங்குமப்பூவ நிறுத்திட்டாளா?"

அம்மா என் கையைப் பிடித்து, சிவப்பு ஓடிய உள்ளங்கையைத் தன் கையோடு சேர்த்துத் திருப்பிக் காட்டினார். "நல்லாப் பாருங் நங்கை. இப்பத்தான் ஷேடு பாஸாயிருக்குது."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கம் சொல்ல அம்மா வாயெடுப்பதற்குள், மாடியில் பந்தி போட்டாயிற்று என்றார்கள். நான் கையை உருவிக்கொண்டு ஓடினேன். எல்லோருக்கும் இடம் பிடித்துவிட்டு எட்டிப் பார்த்தால், நடுப்படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தது அத்தைதான்.