அவருடைய புத்தியைத் திருப்பிக் கேட்டேன்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, கோபத்தோடுதான் இதைச் சொல்ல நிற்கிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் சாட்சி சொல்ல முடியாது.

1996 மழைக்காலம். ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் வெட்டப்போன, அறுபது தாண்டிய என் வீட்டுக்காரர் சரிவில் வழுக்கித் தொடையெலும்பை முறித்துக்கொண்டார். முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்தவர், நான் யாரென்று கேட்டார். கட்டில் கம்பியை ரப்பர் மரம் என்று நினைத்து நகத்தால் கீறினார். நான் நொறுங்கிப்போனேன்.

அவருடைய தம்பி எங்கள் சபையில் ஜெபக்குழு நடத்துகிறவன். ஆட்களோடு வந்து, பரமண்டல ஜெபத்தைச் சொல்லச் சொன்னான். இவருக்குப் பாதியில் மறந்துபோனது.

"மைனி, இது பிசாசாக்கும். ஜெபம் வாயில வராது, கண்டியளா?"

சொல்லிக்கொண்டே கன்னத்தில் அறைந்தான். நோயாளியை!

"பிசாசு உன் கையிலயாக்கும் இருக்கு. எறங்கிப் போலே!" என்று எல்லாரையும் விரட்டினேன்.

வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். மெல்லத் தெளிந்தார். அதற்குள் தையல் போட்ட இடம் பழுத்துவிட்டது. மறுபடியும் கீறாவிட்டால் கால் போய்விடும் என்றார்கள். இந்தத் தடவை முழுப் பைத்தியமாகத்தான் வருவார் என்று கொழுந்தன் அமரவிளை வரை பரப்பினான், பாவி. எனக்கும் அந்தப் பயம்தான்.

"ஆண்டவரே, நொண்டியானாலும் நான் வச்சுக் கஞ்சி குடுப்பேன். என்னை அறிஞ்ச மனுஷனைத் திருப்பித் தாரும்" என்று வராந்தாவில் கதறினேன். எழுந்தபோது, டாக்டரிடம் கேட்கத் தைரியம் வந்திருந்தது. வேறு மாதிரி மயக்கம் உண்டா என்று கேட்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யலாம், ஆனால் அதனால் புத்தி தடுமாறாது என்று உறுதி சொல்ல முடியாது என்றார். உறுதியை நான் வேறிடத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

முதுகில் ஊசி போட்டே ஆபரேஷனை முடித்து வெளியே கொண்டுவந்தார்கள். நான் கிட்டே போகவே பயந்தேன். அவரே தலையைத் திருப்பினார்.

"ஏட்டி, நீ ஒண்ணும் தின்னலியா? மூஞ்சி வாடிக் கெடக்கு."

ஸ்தோத்திரம்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று முதல் யாருக்கும் பயப்படுவதில்லை. கொழுந்தனை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை, அதற்கும் ஜெபிக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படித் தடுமாறினால், அடிக்க வருகிறவனை வாசலிலேயே நிறுத்துங்கள். டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டவரிடம் அழுது கேளுங்கள். இவ்வளவு கோபக்காரியான என் ஜெபத்தையே கேட்டவர், உங்களுடையதைக் கேட்கமாட்டாரா?