எல்லாரும் பாலவனத்தம் தாண்டிவிட்டார்கள்

அன்று காலை மூன்று பேருக்குப் போன் போட்டேன். கரண்டு வேலை செல்வம், "பாலவனத்தம் தாண்டிட்டேண்ணே" என்றான். பூச்சு மேஸ்திரி கருப்பையா, "பாலவனத்தத்துல ஒரு டீ குடிச்சிட்டு இப்பத்தான் பஸ்ஸு ஏறுனேன்" என்றார். டைல்ஸ் போடுகிற ரபீக்கும் பாலவனத்தம் தாண்டியிருந்தான். அவனுக்கு வீடு வீரசோழனில். திருச்சுழி வழியாக நேரே எங்கள் சைட்டுக்கு வர வேண்டியவன், எங்களையும் தாண்டி, அருப்புக்கோட்டையையும் தாண்டி, விருதுநகர் ரோட்டில் இருக்கிற பாலவனத்தத்துக்கு எதற்குப் போனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். மூன்று பேருக்கும் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை. மூன்று டீயையும் நானே குடித்தேன். அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் வராததற்குப் பாதிக் காரணம் கவலை, மீதி டீ.

கட்டட வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். திருச்சுழி ரோட்டில் சிக்கந்தர் பாய் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு நான்தான் சைட் சூப்பர்வைசர். பாயும் வீரசோழன்காரர்தான். துபாயில் பல வருடம் கட்டட சைட்டுகளில் உழைத்துவிட்டு வந்தவர். மண்டபத்தில் நடக்கப்போகிற முதல் கல்யாணம் அவருடைய மகளின் நிக்காஹ். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை சவுதியில் இருந்து லீவில் வருகிறார், லீவு முடிந்தால் பிளைட் ஏறியாக வேண்டும். முகூர்த்த மாதம் என்பதால் அருப்புக்கோட்டையில் வேறு மண்டபமும் காலியில்லை. எங்கள் மண்டபத்திலோ சுவருக்குப் பூச்சு இல்லை, தரைக்கு டைல்ஸ் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆர்ச் மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் யானை வைத்த ஆர்ச். அது என் யோசனை.

மேனேஜருக்கு ஒரு மேனேஜர்

ஒருநாள் பாய் காரில் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். "முருகேசு, இவுக கௌசல்யா. காரியாபட்டி. மதுரையில ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு பெரிய பில்டிங்கா முடிச்சுக் குடுத்தவுக. இனிமே இவுகதான் நம்ம புராஜெக்ட் மேனேஜர்."

நான் பாயைத் தனியாக இழுத்துப் போனேன். "ஏன் பாய், முப்பது வருசமா நான் சைட்டுல நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"நிக்கிறது தெரியுதுய்யா. வேலையுமில்ல நிக்குது."

"இந்தம்மா கரண்டி பிடிப்பாகளா? மட்டம் பாப்பாகளா?"

"அதுக்கெல்லாம் ஆளு இருக்குல்ல. துபாய்ல நாங்க எல்லாரும் வேலை பாப்போம். ஒருத்தரு மட்டும் ஒண்ணுமே செய்யாம சுத்தி வருவாரு. அவரு ஊருக்கு லீவுல போனா ரெண்டே நாள்ல சைட்டு படுத்துரும். அப்பத்தான் அவரு என்ன வேலை பாத்தாருன்னே எங்களுக்குத் தெரிஞ்சுச்சு."

எனக்கு மனம் ஆறவில்லை. ஒன்றும் செய்யாமல் சுற்றி வருவதற்கு ஆள் வேண்டுமென்றால் என்னைவிடத் தகுதியானவன் யார்?

கௌசல்யா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைட்டைச் சுற்றி வந்தார். ஆர்ச்சுக்குக் கீழே வந்ததும் நின்றார்.

"இத ஏண்ணே முதல்ல கட்டுனீங்க?"

"ரோட்டுல போறவுக பாக்கணும்ல மேடம்."

"பாத்தாங்களா?"

"பாத்தாக. செங்கல் லோடு லாரிதான் உள்ள நுழைய முடியாம ரோட்டுலயே கொட்டிட்டுப் போயிருச்சு."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. யானை மட்டும் சிரித்த மாதிரி இருந்தது.

தோளில் கை

மறுநாள் காலை கௌசல்யா என்னைப் போன் எடுக்க விடவில்லை. அவரே மூன்று பேரிடமும் பேசினார். "எப்ப வாரீங்க?" என்று கேட்கவே இல்லை. "வந்தா வேலையத் தொடங்குறதுக்கு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் மூச்சுவிடாமல் பேசினார்கள். அதற்கடுத்த நாள் மூன்று பேரும் நேரில் வந்து நின்றார்கள். பாயும் வந்தார். மூன்று பேரும் ஒரே நாளில் சைட்டுக்கு வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அதுவரை நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "உன்னாலதான் வேலை நிக்குது" என்று சொல்லி வந்தேன். மூன்று பேரும் சேர்ந்து நிற்கையில் எனக்குக் கொஞ்சம் வேர்த்தது.

கௌசல்யா சொன்னார்: "யாருக்காக நீங்க வேலைய நிறுத்தி வச்சிருக்கீங்களோ, அவங்க தோள்ல கை வைங்க."

"என்ன தாயி, சின்னப் பிள்ளைக ரயில் வண்டி ஓட்டுற மாதிரி" என்றார் கருப்பையா.

"ஓட்டித்தான் பாப்போமே, மேஸ்திரி."

ரபீக் போய்க் கருப்பையா தோளில் கை வைத்தான். "பூச்சு முடியாம நான் டைல்ஸ் போட்டா, எல்லாத்துலயும் சிமெண்டுச் சாந்து கொட்டிரும்."

கருப்பையா செல்வத்தின் தோளைப் பிடித்தார். "தண்ணி இல்லாம நான் என்னத்தப் பூச? லாரித் தண்ணி ஒரு நாளு வந்தா ரெண்டு நாளு வரல. பூசுன செவுத்துக்கு தண்ணி காட்டலேன்னா வெடிச்சுப்போகும். போர் போட்டு எத்தன நாளாச்சு? ஏலே செல்வம், மோட்டார இறக்குனியா நீ?"

"மோட்டார் ரூம் எங்கன்னு சொன்னாத்தானே கரண்டு லைன் இழுக்க முடியும்?" என்ற செல்வம் வந்து என் தோளில் கை வைத்தான். கொஞ்சம் அழுத்தியே வைத்தான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நேராகப் போய்ப் பாயின் தோளில் கை வைத்தேன். "பாய்தான் இடம் சொல்லணும்."

பாய் திரும்பினார். அவர் கை என் தோளில் வந்து விழுந்தது. "நானா? நீ சொல்லுவேன்னுல்ல நான் இருக்கேன்!"

நாங்கள் இருவரும் தோள் மேல் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றோம்.

விஷயம் இதுதான். தொழுகைக்கென்று பாய் ஒரு அறை ஒதுக்கியிருந்தார். மோட்டார் சத்தம் அந்தப் பக்கம் கேட்கக்கூடாது என்று அவர் மனதில் ஒரு கணக்கு இருக்கும், அதில் நாம் தலையிடக்கூடாது என்று நான் மரியாதையாக ஒதுங்கி இருந்தேன். பாயோ, நாளைக்கு எல்லாச் சனமும் கல்யாணம் பண்ண வரும், வாஸ்து கேட்பார்கள், முருகேசு யாரிடமாவது விசாரித்து ஒரு மூலை சொல்லுவான், அவன் மனம் நோகக்கூடாது என்று மரியாதையாகக் காத்திருந்தார். எங்கள் இருவரின் மரியாதையில் மூன்று பேர் வேலை நின்றது. ஒரு பெண்ணின் நிக்காஹும் நிற்கப் பார்த்தது.

"தொழுகை ரூம் இந்தக் கடைசி. போர் அந்தக் கடைசி. சத்தம் எப்படிய்யா இங்க கேக்கும்?" என்றார் பாய்.

"போருக்குப் பக்கத்துலயே வச்சா வாஸ்துக்கும் சரியாத்தான் இருக்கும் பாய்."

செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "இதத்தான் போர் போட்ட அன்னைக்கே நான் கேட்டேன். அப்ப இவரு டீ குடிக்கப் போயிட்டாரு."

அன்று மதியமே மோட்டார் இறங்கியது.

டைல்ஸ் இல்லாத டைனிங் ஹால்

அதற்குப் பிறகும் நாள் போதவில்லை. பூச்சு காயக் காய டைல்ஸ் போட்டாலும் எல்லா இடமும் முடியாது. நான் என் வழக்கப்படி, "எல்லாத்தையும் முடிச்சிரலாம் பாய், நான் இருக்கேன்ல" என்றேன். நான் இப்படிச் சொன்ன எந்தக் கட்டடமும் சொன்ன நாளில் முடிந்ததில்லை.

கௌசல்யா பாயிடம் கேட்டார்: "எது இல்லாட்டி கல்யாணம் நின்னு போகும்?"

பாய் யோசித்தார். "தண்ணி, கரண்டு, சமையக்கட்டு, மேடை, பாத்ரூம்."

"டைனிங் ஹால் டைல்ஸ்?"

"நம்ம வீட்டுச் சாப்பாடு கீழ ஜமக்காளம் விரிச்சு, சஹன்ல தானம்மா வைப்போம். ஒரே தட்டச் சுத்தி உக்காந்துட்டா யாரு தரையப் பாக்கப் போறா? பிரியாணியத்தான் பாப்பாக."

"அப்ப அது கல்யாணத்துக்குப் பிறகு. ரபீக் அண்ணே, நீங்க நேரா பாத்ரூமுக்குப் போங்க."

டைனிங் ஹால் சிமெண்டுத் தரையோடு விடப்பட்டது. எனக்குத்தான் ஒரு விரலை வெட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் மீதி எல்லாம் முடிந்தது. நிக்காஹுக்கு முதல் நாள் சாயங்காலமே பாத்திரங்கள் வந்து இறங்கின. பாத்திர லாரியும் ஆர்ச்சுக்குள் நுழையவில்லை. அது என் பங்கு.

நிக்காஹ் அன்று

தம்பிகளே, சொந்தமாகத் தொழில் செய்தாலும் சரி, முதலாளியிடம் இருந்தாலும் சரி, வேலை பெரிதானால் இப்படி ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வையுங்கள். வேலை தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று பார்ப்பதும் ஒரு வேலைதான். அதையே படித்து, அதையே செய்கிறவர் வேண்டும். நானும் இப்போது புது வேலை பேச வருகிறவர்களிடம் முதலில் கௌசல்யா நம்பரைத்தான் கொடுக்கிறேன். அப்புறம்தான் ஆர்ச் பற்றிப் பேசுகிறேன்.

நிக்காஹ் அன்று பாய் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, வெங்காயம் என்று சொன்னார். "முருகேசு, முதல் சஹன்ல கௌசல்யாவ உக்கார வைக்கணும். ஆளக் காணோமே?"

போன் போட்டேன். "எங்கம்மா இருக்க? பிரியாணி ஆறுது."

"இந்தா, பாலவனத்தம் தாண்டிட்டேண்ணே."

காரியாபட்டியில் இருந்து மதுரை ரோட்டில் வருகிறவர், அந்த வழியில் பாலவனத்தமே கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அவர் சொல்லிக்கொடுத்த கேள்வியையே கேட்டேன். "வந்து சேர்றதுக்கு உனக்கு என்னம்மா வேணும்?"

"ஸ்கூட்டி பஞ்சர்ணே. இன்னும் காரியாபட்டியவே தாண்டல."

பாயின் காரையும் செல்வத்தையும் அனுப்பினேன். போகும்போதே அவனிடம் சொல்லிவிட்டேன், பாலவனத்தம் வழியாகப் போகாதே என்று.